நடுரோட்டில் தோள் மாற்றும் இடம்

இந்த ரோட்டைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. பைக்கை வெளியே எடுக்கும்போதே வாயில் கெட்ட வார்த்தை வந்து உட்கார்ந்துகொள்ளும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரத்துக்குப் போகிற மாநில நெடுஞ்சாலை. பேருக்குத்தான் நெடுஞ்சாலை. எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரி தார்ப்பாய் கட்டாமல் மணலை நம் கண்ணில் கொட்டிக்கொண்டே போகும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ, அதற்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே ஒரு தண்ணீர் லாரி. சனி, ஞாயிறு வந்துவிட்டால் போச்சு. கடலை முன்னே பின்னே பார்க்காதவர்கள் மாதிரி கார் காராகக் கிளம்பி வந்துவிடுவார்கள்.

எனக்குச் சிறுசேரியில் வேலை. பூஞ்சேரி கூட்டுரோடு வரை பைக், அங்கிருந்து கம்பெனி வேன். வேனைத் தவறவிட்டு, பஸ்ஸில் தொங்கி, பாதி மீட்டிங் முடிந்த பிறகு உள்ளே நுழைந்து அசடு வழிந்த நாட்களுக்குக் கணக்கே கிடையாது. 'டிராஃபிக்' என்று சொன்னால் மேனேஜர் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கே இந்த ரோட்டைத் தோண்டி எறியலாம் என்று இருக்கும். அதனால் நான்கு வழிச்சாலை ஆக்கப் போகிறார்கள், நடுவில் தடுப்புச் சுவர் வரப்போகிறது, புளியமரங்களில் நம்பர் எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது துள்ளிக் குதித்தவர்களில் நானும் ஒருவன்.

நான் பிறந்ததும் இதே ரோட்டோரத்தில்தான். ரோட்டுக்கு வடக்கே எங்கள் காலனி. தெற்கே, நேர் எதிரே, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் சுடுகாடு. கிழக்கே கொஞ்ச தூரம் தள்ளி ஊர். ஊர்க்காரர்களுக்குச் சுடுகாடு வேறு, அவர்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. எங்கள் ஆட்கள் அவர்கள் வயலில் கூலி வேலை பார்த்த காலத்தில், வரப்பு மேல் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனால் விரட்டி அடிப்பார்களாம். ரோடு வந்த பிறகுதான் அந்தக் கேவலம் ஒழிந்தது. காலனியை விட்டு இறங்கினால் ரோடு, ரோட்டைக் கடந்தால் சுடுகாடு. யாருடைய நிலத்திலும் கால் வைக்க வேண்டாம்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் இந்த ரோட்டுக்கே தார் ஊற்றியவர். கூலி வேலையை விட்டுவிட்டு ரோடு போடுகிற கூட்டத்தோடு சேர்ந்து, கொதிக்கிற தார் டின்னைத் தூக்கித் தூக்கி, வலது கால் கட்டைவிரலில் நகமே இல்லாமல் போன மனுஷன். "சர்க்கார் ரோடுடா இது. இதுல எவனும் என்னை ஒதுங்குன்னு சொல்ல முடியாது" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு நெஞ்சு நிமிரும்.

அவர் அப்படிப் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. எங்கள் காலனியில் சாவு விழுந்தால், பாடையை வீட்டிலிருந்து நடுரோடு வரை பங்காளிகள் தூக்கிக்கொண்டு வருவார்கள். நடுரோட்டில், வெள்ளைக்கோட்டின் மேல், ஒரு நிமிஷம் நிற்பார்கள். அங்கே தோள் மாற்றுவார்கள். அதற்கப்புறம் தூக்குவது மாமன் மச்சான் முறைக்காரர்கள். எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. நடுரோட்டில்தான் அது நடக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். உயிரோடு நாங்கள் கையைக் காட்டினால் நிற்காமல் போகிற பஸ், அன்றைக்கு நிற்கும். அம்மா செத்தபோது ஒரு பஸ் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கி நின்றார். நைனா அழுதுகொண்டிருந்தவர், அதைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னார்: "பார்த்தியா, உங்கம்மாவுக்கு பஸ்ஸு நின்னுச்சு."

நாலு வழிச்சாலை வருகிறது, நடுவில் சுவர் வருகிறது என்று கேட்டதும் எனக்கு வேன் ஞாபகம் வந்தது. நைனாவுக்கு வந்தது அந்த வெள்ளைக்கோடு.

"நடுவால செவுரு கட்டிட்டா நம்ப எப்படிடா போறது?" என்று கேட்டார்.

"யூ-டர்ன் விடுவாங்க நைனா."

"எங்க வுடுவான்?"

ஊர்க் கோயில் வளைவுக்கு எதிரே என்று அரசல் புரசலாகக் காதில் விழுந்திருந்தது. சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ப பொணம் அவங்க கோயில் வாசல்ல திரும்பினா இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியாதா? வெட்டுக்குத்து ஆயிடும். வோணாம். நம்ப காலனிக்கு எதுக்கால வழி வுடச் சொல்லு. பாடை போற அளவுக்கு. உங்கம்மா போன வழியிலதான் நான் போவணும், வேற ஒண்ணும் நான் உன்னைக் கேக்கல."

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு புதன்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில். காலனியில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எவன் வருவான்? நைனாவுக்கு மூட்டு வலி, நடக்க முடியவில்லை. "நீ படிச்சவன், நீ போய்ப் பேசு" என்று காலனியே என் தலையில் கட்டிவிட்டது. லீவு போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அப்போது காலனியில் இல்லை. இதே ரோட்டில், கொஞ்சம் மேற்கே, புதிதாகப் பிரித்த மனைகளில் வீடு கட்டிக் குடிபோயிருந்தேன். கேட், செக்யூரிட்டி, சங்கம் எல்லாம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் திருச்சிப் பக்கத்துக்காரர், கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கத்துக்குத் தலைவர். குடிவந்த முதல் வாரமே "சார் பூர்வீகம் எது?" என்று கேட்டார். செங்கல்பட்டு என்றேன். "செங்கல்பட்டுல எங்க?" பக்கம்தான் சார் என்றேன். அந்தப் 'பக்கம்தான்' மேலேயே ஆறேழு வருஷம் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நான் காலனிக்குப் போய் நைனாவைப் பார்த்துவிட்டு வருவேன். அவரை இங்கே கூட்டி வந்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்தால் முன்வரிசையில் தலைவர் கையை ஆட்டுகிறார். "சார், வாங்க வாங்க, நம்ம ஆளு வந்தாச்சு." அடச்சே என்றிருந்தது. அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டியதாயிற்று. பின்னால் ஊர்க்காரர்கள் பதினைந்து இருபது பேர். மேடையில் கல்யாணத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் பூவைக்கூடக் கழற்றவில்லை. அதற்கு நடுவில் வரைபடத்தை மாட்டிவைத்துக்கொண்டு ஒரு இளம் இன்ஜினியர். நல்ல மனுஷன். ஒவ்வொருவர் பேசும்போதும் குறித்துக்கொண்டார்.

தலைவர் எழுந்து, எங்கள் கேட்டுக்கு எதிரே கார் திரும்ப இடைவெளி வேண்டும் என்றார். ஊர்க்காரர் ஒருவர் கோயில் தேர் திரும்ப இடம் வேண்டும் என்றார். எவ்வளவு தைரியமாகக் கேட்டார்கள்! தேர் என்று சொல்ல அவர்களுக்கு என்ன கூச்சம்?

"காலனி தரப்புல யாராவது?" என்று இன்ஜினியர் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெட்டது ஒன்றும் இல்லை, வெறும் ஆச்சரியம். ஆனால் எனக்கு அதுவே போதுமாக இருந்தது. "அவங்களால வேலை நாள்ல வர முடியல. அவங்க சார்பா சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். 'அவங்க'. என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான். எங்கள் சுடுகாடு எதிரே இருக்கிறது, பாடை போக வழி வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லத்தான் லீவு போட்டுக்கொண்டு வந்தேன். ஏரிக்கரைச் சுடுகாடு யாருடையது என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். 'எங்கள்' என்று சொல்லிவிட்டால் நான் யார் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். 'அவர்கள்' என்று சொல்லியாவது கேட்டிருக்கலாம். அதுகூட வரவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே என் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

"காலனிப் பசங்க பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏற எதிர்ப் பக்கம் வரணும். அவங்க கடக்க ஒரு வழி விடணும்" என்றேன்.

பொய் இல்லை. பிள்ளைகள் கடக்கத்தான் செய்கிறார்கள். இன்ஜினியர் குறித்துக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி, "நடந்து போறவங்க மட்டும்தானா சார்? வேற உபயோகம் ஏதாவது இருக்கா? டிராக்டர், மாட்டு வண்டி, ஊர்வலம், அந்த மாதிரி?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"எதுக்குக் கேக்குறேன்னா, அகலம் அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம். நிச்சயமா இல்லையே?"

"இல்ல சார். பசங்க கடக்கத்தான்."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். வெளியே வரும்போது தலைவர் என் தோளில் தட்டி, "நல்ல காரியம் பண்ணீங்க சார், அவங்களுக்காகவும் பேசினீங்க" என்றார். அந்தக் கையை அப்படியே தட்டிவிட்டிருக்க வேண்டும். நானோ நன்றி சார் என்று சொல்லிப் பல்லைக் காட்டினேன். இப்போதும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வேலை இரண்டு மழைக்காலம் இழுத்தது. புளியமரங்கள் விழுந்தன. தோண்டிப் போட்ட பள்ளத்தில் தண்ணீர் நின்று, பைக்கோடு நான் ஒருமுறை விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். ஒரு வழியாகப் புது ரோடு வந்தது. வழவழவென்று இருந்தது. நடுவில் இடுப்பு உயரத்துக்கு கான்கிரீட் தடுப்பு, அதன் நடுவே மண் நிரப்பி அரளிச் செடி. காலனிக்கு நேர் எதிரே, கேட்டபடியே, வழி. பைக் நுழையக் கூடாது என்று இரும்புக் குழாயை வளைத்து நட்டிருந்தார்கள். ஓர் ஆள் உடம்பைத் திருப்பி நுழைகிற அளவு. பிள்ளைகள் ஒருவர் பின்னால் ஒருவராகப் புகுந்து போனார்கள். என்ன கேட்டேனோ அதை அப்படியே செய்து கொடுத்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நைனா தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே கையை விரித்து அளந்தார். "இது ஆளு போற வழிடா. ஆளைத் தூக்கினு போற வழி இல்ல" என்றார். "நீ அங்க இன்னா சொன்ன?"

"எல்லாம் சொன்னேன் நைனா. அவனுங்க கேக்கல."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! ஒரு பாவமும் அறியாத அந்த இன்ஜினியர் மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் டீ குடித்தேன்.

நைனா அதோடு விடுகிற ஆளா? என் அத்தை மகன், எனக்கு மச்சான் முறை, காலனியில் இருந்துகொண்டு சிறுசேரிக்கு கேப் ஓட்டுகிறவன். அவன் வண்டியில் ஏறி நெடுஞ்சாலை ஆபீசுக்கே போய்விட்டார், மனுவோடு. அங்கே அதே இன்ஜினியர். நைனாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கூட்டக் குறிப்பை எடுத்து வரிக்கு வரி படித்துக் காட்டியிருக்கிறார். கீழே என் கையெழுத்து. "இப்ப இடைவெளியைப் பெருசு பண்ண முடியாதுங்க ஐயா, வண்டிங்க வேகமா வர்ற இடம், விபத்து ஆயிடும். அன்னைக்கே சொல்லியிருந்தா பாடை போற மாதிரி கேட் வெச்சிருப்போம். பூட்டி வெச்சு, தேவைப்படும்போது திறக்கலாம்" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மச்சான் வாசற்படியில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஸ்கூலு பசங்களா?" என்றார் நைனா.

எனக்குப் புரிந்துவிட்டது.

"சொடலைன்னு சொல்ல உனுக்கு வாய் வரல. வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? அந்தாளு ரெண்டு தபா கேட்டிருக்கான்டா. ஊர்வலம் கீதான்னு கேட்டிருக்கான். நீ இல்லன்னு சொல்லிகீற."

"நைனா, அங்க எல்லாரும் இருந்தாங்க..."

"இருந்தா? உன்னை இன்னா, வெட்டிப் போட்டுருவானுங்களா? நான் தார் ஊத்தி உன்னைப் படிக்கவெச்சது, அங்க போய் எங்கள 'அவங்க'ன்னு சொல்றதுக்கா?"

அந்த 'அவங்க' குறிப்பில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. யாரோ அப்படியே எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, வெட்கம் அப்புறம்தான். "வேன் வெச்சு எடுத்துக்கலாம் நைனா, இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று கத்தினேன். நைனா திரும்பி மச்சானைப் பார்த்து, "இவனைப் போவச் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. போனால் "வா" என்பார், கிளம்பினால் "சரி" என்பார். நடுவில் டிவி ஓடும். நான் வாங்கிக்கொண்டு போகிற பழத்தை மச்சான் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை நினைத்தேன். அதற்கும் வாய் வரவில்லை.

இந்த வருஷம் வெயில் காலத்தில் போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். காலனியில் கூடிப் பேசினார்கள். வேன் வைத்தால் கோயில் வளைவில்தான் திரும்ப வேண்டும், அங்கே அந்த வாரம் திருவிழாப் பந்தல் வேறு. சிலர் மேற்கே சுற்றிக்கொண்டு வரலாம் என்றார்கள். மச்சான், "மாமா சொன்னது தெரியும்ல? அத்தை போன வழிதான். செவுரு இருந்தா இன்னா, மேல தூக்கிக் கொடுப்போம்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் நாலு மணி, சனிக்கிழமை. கடலுக்குப் போகிற கார்கள் விரட்டிக்கொண்டிருந்தன. மச்சான் தன் கேப்பைக் குறுக்கே போட்டு ஒரு பக்கத்தை நிறுத்தினான். இன்னொரு பக்கத்தை இரண்டு ஆட்டோக்கள் நிறுத்தின. கண்மூடித் திறப்பதற்குள் வண்டிகள் கோயில் வளைவு வரை நின்றுவிட்டன. இன்ஜினை அணைக்கிற டிரைவர் யாரும் இல்லை. ஹாரன், ஹாரன், ஹாரன். எவனோ ஒருவன் கண்ணாடியை இறக்கி, "எவ்ளோ நேரம்யா?" என்று கத்தினான். எனக்கு அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. இதே ரோட்டில், இதே மாதிரி, எத்தனை காலை நானும் கத்தியிருக்கிறேன்.

நான் ஈர வேட்டியோடு, உறியில் கொள்ளிச்சட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் நின்றேன். பங்காளிகள் பாடையைத் தடுப்பு வரை கொண்டுவந்தார்கள். வெள்ளைக்கோடு இருந்த இடத்தில் இப்போது அரளி பூத்திருந்தது. தோள் மாற்ற எங்கே நிற்பது? எதிர்ப் பக்கம் மச்சான் முறைக்காரர்கள் எட்டுப் பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் நைனாவைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "தலையைப் புடி! தலையைப் புடிடா!" என்று யாரோ அலறினார்கள். கட்டியிருந்ததால் விழவில்லை. மாலை ஒன்று அரளிக் கிளையில் மாட்டி அறுந்து தொங்கியது. நைனாவின் கால் துணியை விட்டு வெளியே வந்திருந்தது. நகமில்லாத கட்டைவிரல் எனக்கு நேரே தெரிந்தது.

முதல் வரிசையில் நின்ற வெள்ளைக் காரின் கதவு திறந்தது. இறங்கியவர் எங்கள் தலைவர். குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார்... நீங்களா? யாரு சார் இது?"

"எங்க அப்பா."

"இங்கயா?"

"இதுதான் சார் எங்க காலனி. அதோ, எதிர்ல இருக்கே, அதுதான் எங்க சுடுகாடு."

வந்துவிட்டது. ஒரு மூச்சில், ஒரு திக்கலும் இல்லாமல் வந்துவிட்டது. அவ்வளவுதான் அந்த வாக்கியம்.

அவர் தடுப்பைப் பார்த்தார். மேலே கை மாறிக்கொண்டிருந்த பாடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் இத்தனை வருஷம் பயந்தது ஒன்றும் இல்லை. கையைக் கூப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அன்னைக்கே மண்டபத்துல சொல்லியிருக்கலாமே சார். அந்த இன்ஜினியர் ரெண்டு தடவை கேட்டாரே."

எதிர்ப் பக்கத்திலிருந்து மச்சான் கத்தினான். "மச்சான், இன்னா நின்னுகினு கீற? கொள்ளி முன்னால போவணும், நட!"

இரும்புக் குழாய்களுக்கு நடுவே போனேன். சட்டியை முன்னால் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பினேன். என் தலைக்கு மேலே ஒரு பக்கமாக நைனா போய்க்கொண்டிருந்தார். அந்த வழி எனக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஒரு குழாய்கூட என் மேல் இடிக்கவில்லை.